காற்றுக்குக் கணக்கு எழுதிய கதை

ஒரு லிட்டர் பெட்ரோலை முழுதாக எரிக்க ஒரு காருக்கு எவ்வளவு காற்று வேண்டும்? எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று 14.7 பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. ஆக, காற்று சுமார் 11 கிலோ. அளவாகச் சொன்னால் ஏறத்தாழ 9,000 லிட்டர்! ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டவர் 9,000 லிட்டர் காற்றையும் சேர்த்துத்தான் செலவு செய்கிறார். பெட்ரோலுக்கு பில் உண்டு. காற்றுக்கு பில் கிடையாது.

பில் இல்லாத சரக்குக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. மோட்டார் கார் உலகமும் அப்படித்தான் இருந்தது. கார் பிறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல், ஓடும் கார் எத்தனை கிராம் காற்றை விழுங்குகிறது என்று அளந்து பார்க்கும் கருவி சாதாரணக் கார்களில் கிடையாது. பிறகு ஏன் வந்தது? வேகத்துக்காகவா? இல்லை. ஊர் மக்களின் கண் எரிந்ததால் வந்தது.

இன்று பழைய கார் ஒன்று குலுங்கி ஓடினால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இருமினால், சிக்னலில் நின்றதும் அணைந்து போனால், முதலில் பழி விழுவது காற்றோட்ட சென்சார் மீது. எம்ஏஎஃப் சென்சார் என்றும் ஏர்ஃப்ளோ மீட்டர் என்றும் சொல்வார்கள். விலை அதிகமான பாகம் அது. மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் போன பணம் போனதுதான். அந்தப் பழி எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்று புரிய வேண்டுமானால் இந்தச் சின்னக் கருவியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் ஓடிய காலம்

ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893ல் பெட்ரோலைத் தூவிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். குறுகலான தொண்டை வழியே காற்று போகும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டுத் தெறிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும். ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அருமையான யோசனை.

ஆனால் இது அளவு அல்ல, மதிப்பீடு. குளிர் காலையில் ஒரு மாதிரி, மதிய வெயிலில் வேறு மாதிரி, மலை மேல் இன்னொரு மாதிரி. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க எல்லோரும் செய்தது ஒன்றுதான். கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுவிடுவது. பெட்ரோல் மிஞ்சினால் புகை வரும், அவ்வளவுதான். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திணறும், சூடேறும், வண்டி வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார். பெட்ரோல் மலிவு. மிச்சமாக எரியாமல் போனது சைலன்சர் வழியே வெளியேறிவிடும். வெளியேறியது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைய மெக்கானிக்கின் கருவி அவர் காதுதான். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கலவைத் திருகை அரைச் சுற்று திருப்புவார், சத்தத்தைக் கேட்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறி இருந்தால் குறைவு. இளம் பழுப்பு என்றால் திருப்தி. கோளாறைக் கண்ணாலும் காதாலும் மூக்காலும் பிடித்த காலம் அது.

லாஸ் ஏஞ்சலஸின் கண் எரிச்சல்

1943 ஜூலை 26. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். ஜப்பான்காரர்கள் விஷவாயுத் தாக்குதல் நடத்திவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு எழுந்தது. பிறகு செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் செய்த ஒரு தொழிற்சாலை மீது சந்தேகம் திரும்பியது. அந்த ஆலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். புகைமூட்டம் நிற்கவில்லை.

உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக்கில் உயிர்வேதியியல் பேராசிரியர். அன்னாசிப்பழ வாசனையில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று ஆராய்ந்து கொண்டிருந்த மனிதர், அதே முறையில் நகரத்தின் காற்றை ஆராய்ந்தார். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். தொழிற்சாலைப் புகைபோக்கிகளைத் தேடிக் கொண்டிருந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

எண்ணெய் நிறுவனங்கள் தொடக்கத்தில் இதை ஏற்கவில்லை. ஆனாலும் சட்டம் மெல்ல நகர்ந்தது. 1967ல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் உருவானது. அதன் முதல் தலைவர் அதே ஹாகன்-ஸ்மிட். 1970ன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களில் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு பலமுறை தள்ளிப் போடப்பட்டது உண்மைதான். ஆனால் கார்புரேட்டரின் 'கொஞ்சம் கூடுதலாக விடு' என்ற பழக்கத்துக்கு அன்றே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

முதல் முயற்சிகள்

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957லேயே 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்ஷனை அறிவித்தது. 1958ல் கிரைஸ்லர் தன் விலை உயர்ந்த சில கார்களில் பொருத்தியும் விற்றது. விற்றவை சில டஜன்தான். அன்றைய மின்னணுப் பாகங்கள் எஞ்சின் அறையின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் ஈடு கொடுக்கவில்லை. பெரும்பாலான கார்களுக்குத் திரும்பவும் கார்புரேட்டரையே மாட்டி அனுப்பினார்கள்.

அந்தக் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போயின. 1967ல் பாஷ் 'டி-ஜெட்ரானிக்' என்ற அமைப்பைக் கொண்டு வந்தது. அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600 கார்களில் இது இடம்பெற்றது. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. எஞ்சினுக்குள் போகும் குழாயில் அழுத்தம் எவ்வளவு, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, காற்று எவ்வளவு சூடு... இவற்றை வைத்து 'இவ்வளவு காற்று போயிருக்கும்' என்று கணக்குப் போட்டது.

'போயிருக்கும்' என்பதைக் கவனியுங்கள். இதுவும் மதிப்பீடுதான், கார்புரேட்டரை விடக் கெட்டிக்கார மதிப்பீடு. புது எஞ்சினுக்குச் சரியாக இருந்த கணக்கு, வால்வும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் வழக்கம் வந்தபோது சிக்கல் இன்னும் கூடியது. அழுத்தம் பார்க்கும் சென்சாருக்குப் புதுக் காற்றும் ஒன்றுதான், பழைய புகையும் ஒன்றுதான். கிடங்கில் நிற்கும் மூட்டைகளை வெளியே இருந்து பார்த்துச் சரக்கிருப்பை ஊகிப்பது போல! சரக்கு உள்ளே வரும் வாசலிலேயே ஆளை நிறுத்தி எண்ணினால் என்ன?

கதவு வைத்த மீட்டர்

அந்த ஆள்தான் 1973ல் வந்த 'எல்-ஜெட்ரானிக்'. 'எல்' என்றால் காற்று, லுஃப்ட் என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பெட்டி. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு. காற்று தள்ளத் தள்ளக் கதவு திறக்கும். கதவின் அச்சோடு சேர்ந்த ஒரு கை, கரிப்பூச்சுத் தடத்தின் மேல் நகரும். ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே அமைப்பு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மின்னழுத்தமாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப இன்ஜெக்டரைச் சில மில்லி நொடிகள் திறந்து மூடும்.

அதே 1973ல் வந்த 'கே-ஜெட்ரானிக்' மின்னணு இல்லாமலே காற்றை அளந்தது. புனல் போன்ற வாயில் மிதக்கும் வட்டத் தகட்டைக் காற்று தூக்கும், தகடு ஒரு நெம்புகோலால் பெட்ரோல் வழியைத் திறக்கும். ஆக ஒரே ஆண்டில் இரண்டு வழிகள், இரண்டிலும் காற்றுக்கு நேரடி அளவு. அந்த ஆண்டின் அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலைக் கூடுதலாக விடும் பழக்கம் இப்போது புகைக்கு மட்டுமல்ல, பர்ஸுக்கும் ஆகாததாயிற்று.

நேரடிக் கணக்கு வந்ததும் நேரடிக் கோளாறுகளும் வந்தன. கதவு மீட்டரில் நாள்பட வரும் வியாதிகள் மூன்று. ஒன்று, தடத்தின் தேய்மானம். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் கார் கதவையும் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கும். அந்த இடத்தில் கரிப்பூச்சு தேய்ந்து போகும். பிறகு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி வெட்டி வெட்டி ஓடும். இரண்டு, எஞ்சின் எதிர்ப்பக்கமாக வெடிக்கும்போது கதவு அடிபட்டு வளைந்து சிக்கிக் கொள்ளும். மூன்றாவது, மனிதனால் வரும் வியாதி. மீட்டரின் கறுப்பு மூடியைத் திறந்து ஸ்பிரிங்கின் பல்சக்கரத்தைத் திருப்பி, கலவையைக் 'சரி' செய்துவிடுவது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வேறு எங்கோ ஓட்டை இருக்கும். அதைத் தேடாமல் மீட்டரைத் திருத்தினால் எஞ்சின் அப்போதைக்கு நன்றாக ஓடும். கல்லாவில் பணம் குறைகிறது என்பதற்காகக் கணக்குப் புத்தகத்தில் எண்ணை மாற்றி எழுதுவது போன்ற வேலை. பல ஆண்டு கழித்து வேறொருவர் அந்த ஓட்டையை அடைத்தால் புதுக் குழப்பம் ஆரம்பமாகும்.

தணிக்கையாளர் வருகிறார்

காற்றை அளந்தாயிற்று, பெட்ரோலை விட்டாயிற்று. கணக்கு சரியா என்று யார் பார்ப்பது? 1976ல் அதற்கும் ஆள் வந்தது. பாஷ் உருவாக்கிய லாம்டா சென்சார், அதாவது ஆக்சிஜன் சென்சார், 1977 மாடல் வோல்வோ 240, 260 வரிசைக் கார்களில் முதலில் கலிஃபோர்னியாவில் இறங்கியது. சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது இதன் வேலை. மிச்சம் இருந்தால் பெட்ரோல் குறைவு, இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகம். உடனே கம்ப்யூட்டருக்குச் சேதி போகும், அடுத்த சுற்றில் திருத்தம் நடக்கும்.

இது ஏன் அவசியமானது? மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் மாற்றும் மூவழி வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிடிக் கன்வர்ட்டர், 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஏறத்தாழ ஒரு சதவீதம் இங்கே அங்கே போகலாம். அதற்கு மேல் போனால் ஒரு நச்சு குறைந்து இன்னொன்று கூடும். காதை வைத்து ஒரு சதவீதத்தைப் பிடிக்க முடியுமா? எவ்வளவு திறமையான மெக்கானிக்காலும் முடியாது. காதின் காலம் முடிந்தது இங்கேதான்.

சூடான கம்பி

கதவு மீட்டருக்கு இன்னொரு குறை உண்டு. அது காற்றின் எடையை நேராக அளப்பதில்லை. கடல் மட்டத்துக் காற்றும் மலைக் காற்றும் ஒரே அடர்த்தி அல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமெரிக்காவின் டென்வர் நகரில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எரிவதற்கு வேண்டியது எடைதான், கதவு எவ்வளவு திறந்தது என்பது அல்ல.

இதற்கான விடை 1914லேயே காகிதத்தில் இருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெசோ கிங், சூடான மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் காற்றோட்டம் எப்படிக் குளிர்விக்கிறது என்று கணித விதியாக எழுதியிருந்தார். கம்பியைக் குறிப்பிட்ட சூட்டிலேயே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறதோ, அவ்வளவு காற்று போகிறது என்று பொருள். ஆய்வகங்களில் விஞ்ஞானிகள் பயன்படுத்திய அந்தத் தத்துவத்தை பாஷ் 1981ல் 'எல்எச்-ஜெட்ரானிக்' என்று காருக்குக் கொண்டு வந்தது. 1982 மாடல் வோல்வோ கார்கள் அதை முதலில் பயன்படுத்தியவற்றில் அடங்கும்.

கம்பியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. கதவு இல்லை, ஸ்பிரிங் இல்லை, தேய ஒன்றுமில்லை. ஆனால் அழுக்கு படியும். தூசியும் எண்ணெய்ப் படலமும் ஒட்டிக் கொண்டால் கம்பிக்குக் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடும். காற்று வேகமாகப் போனாலும் கம்பி போதிய அளவு குளிராது. உடனே சென்சார் 'காற்று குறைவு' என்று எழுதும். பெட்ரோல் குறையும். மேடு ஏறும்போது வண்டி இழுக்காது.

இது முன்பே தெரிந்த பொறியாளர்கள் அதற்கும் ஒரு வழி செய்திருந்தார்கள். எஞ்சினை அணைத்த சில நொடிகளில் கம்பியை ஒரு நொடி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வரை பழுக்கச் செய்து அழுக்கை எரித்துவிடுவது. பழைய வோல்வோவில் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் வேகம் கொடுத்து ஓட்டி அணைத்தால், உள்ளே கம்பி ஒரு கணம் சிவந்து மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். சிவக்கவில்லை என்றால் சென்சாரையோ அதற்கு வரும் ஒயரையோ கம்ப்யூட்டரையோ சந்தேகிக்கலாம். பின்னாளில் கம்பிக்குப் பதில் மெல்லிய படலம் வைத்த சென்சார்கள் வந்தன. அவற்றில் இந்த எரிப்பு வேலை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

மீட்டரே வேண்டாம் என்றவர்கள்

எல்லோரும் ஒரே பாதையில் போகவில்லை. ஜப்பானின் மிட்சுபிஷி, காற்றோட்டத்தின் நடுவே ஒரு தடுப்பை வைத்து அதன் பின்னால் உண்டாகும் சுழல்களை ஒலி அலையால் எண்ணியது. தியோடர் வான் கார்மன் 1911-12ல் விளக்கிய சுழல்கள் அவை. டொயோட்டா தன் 1980களின் சில கார்களில் அதே சுழல்களை ஒளியால் எண்ணியது.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1985 கார்வெட் காரில் பாஷ் கம்பி மீட்டரை வைத்தது. 1990 மாடலில் அதைத் தூக்கிவிட்டு அழுத்தம் பார்த்து மதிப்பிடும் பழைய முறைக்கே திரும்பியது. 1994ல் மறுபடி மீட்டருக்கு வந்தது. ஃபோர்டு மஸ்டாங் நேர் எதிர். 1988ல் கலிஃபோர்னியாவிலும் 1989ல் மற்ற மாநிலங்களிலும் அழுத்த முறையை விட்டு மீட்டருக்கு மாறியது. பாகத்தின் விலை, துல்லியம், கெடும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் தராசில் வைத்துப் பார்க்கும் வணிக முடிவு இது. ஆகவே 'காற்றோட்ட சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்லும் முன் அந்தக் காரில் அப்படி ஒரு சென்சார் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது!

விளக்கு சொல்லும் சேதி

1988 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்கும் கார்கள் தங்கள் கோளாறைத் தாங்களே கவனித்து டாஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்று விதி வந்தது. 1989லிருந்து வோல்வோ 240ன் எஞ்சின் அறையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலுள்ள ஒயரை ஒரு துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். 1-1-1 என்றால் கோளாறு இல்லை. 1-2-1 என்றால் காற்றோட்ட மீட்டரின் சிக்னலில் பிழை. கம்பெனிக்குக் கம்பெனி துளையும் வேறு, எண்ணும் வேறு.

1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 கட்டாயமானது. எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவத் துளை, ஒரே வகை எண்கள். பி0100 முதல் பி0103 வரை காற்றோட்ட மீட்டரைப் பற்றியவை. பி0171 என்றால் 'கலவையில் பெட்ரோல் குறைவு'.

பலர் ஏமாறுவது பி0171ல்தான். அது மீட்டர் கெட்டது என்று சொல்லவே இல்லை. கணக்கு இடிக்கிறது என்று மட்டும் சொல்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப் போகாவிட்டால் வித்தியாசத்தை அதில் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள், பிழையைக் கண்டுபிடித்ததும் நீக்குவார்கள். காரின் கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. லாம்டா சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று சொல்லச் சொல்லச் சேர்க்க வேண்டிய சதவீதத்தைத் தனியாகக் குறித்து வைத்துக் கொண்டு ஓடும். ஐந்து சதவீதம், பத்து, பதினைந்து... எல்லை தாண்டிய பிறகுதான் விளக்கு எரியும். விளக்கு எரிந்த நாளில் கோளாறு பிறக்கவில்லை. அது வெகு நாள் முன்பே பிறந்து, கணக்கில் மறைந்து கிடந்தது.

பழைய காரில் பிழை தேடும் முறை

இத்தனை வரலாற்றுக்குப் பிறகும் பிழை தேடும் வரிசை எளிமையானது. மலிவானதை முதலில் பார், விலை உயர்ந்ததைக் கடைசியில் பார்.

முதலில் கணக்கில் வராத காற்று. மீட்டரைத் தாண்டிய பிறகு, எஞ்சினுக்குப் போகும் வழியில் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதன் வழியே காற்று நுழையும். வாசலில் நிற்பவர் எண்ணாத சரக்கு அது. மீட்டர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறது, கொல்லைப்புறக் கதவு திறந்திருப்பது அதன் குற்றமில்லை. இருபது முப்பது ஆண்டு ஆன ரப்பர், மடிப்புகளுக்குள் வெடித்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, கழற்றி விரித்துப் பார்க்க வேண்டும். எல்-ஜெட்ரானிக் கார்கள் பலவற்றில் எண்ணெய் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கின் ரப்பரும்கூட இறுக்கமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் ஓட்டம் தடுமாற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் வேறு எங்கோ ஏற்கெனவே பெரிய ஓட்டை இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அடுத்தது ஒயர்களும் இணைப்புகளும். பச்சை பிடித்த பின், தளர்ந்த பிளக், உதிர்ந்த ஒயர் உறை. எஞ்சின் ஓடும்போது ஒயரை லேசாக அசைத்தால் ஓட்டம் மாறுகிறதா? அதன் பிறகு பெட்ரோல் பக்கம். ஃபில்டர் அடைத்தாலோ பம்ப் தளர்ந்தாலோ வரும் அறிகுறியும் மீட்டர் கெட்ட அறிகுறி போலவே இருக்கும்.

இவை சரி என்றால் மீட்டருக்கு வரலாம். கதவு மீட்டரானால் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துக் கதவை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். எண் சீராக மாற வேண்டும், நடுவில் குதிக்கவோ காணாமல் போகவோ கூடாது. இதற்கு முள் வைத்த பழைய மீட்டர் டிஜிட்டலை விட மேல், முள்ளின் துள்ளல் கண்ணுக்குத் தெரியும். கம்பி மீட்டரானால் அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பழைய சோதனை. கம்ப்யூட்டர் அவசர கால மதிப்பை எடுத்துக் கொள்ளும், வண்டி மந்தமாக ஓடும். கழற்றிய பிறகு முன்பை விட நன்றாக ஓடினால் மீட்டர் பொய் சொல்லிக் கொண்டிருந்தது என்று ஓரளவு நம்பலாம். இதே சோதனையைக் கதவு மீட்டரில் செய்யக் கூடாது. அவற்றில் பலவற்றுக்குள் பெட்ரோல் பம்பின் சுவிட்சும் இருக்கிறது. விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கட்டும் என்று வைத்த பாதுகாப்பு அது. பிளக்கைக் கழற்றினால் வண்டி நின்றுவிடும், மீட்டர் நல்லதாக இருந்தாலும்.

1996க்குப் பிந்தைய காரானால் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்டையே படித்துவிடலாம். ஐடிலில் திருத்தச் சதவீதம் அதிகமாகவும் வேகம் கூடக் கூடக் குறைந்தும் வந்தால் பெரும்பாலும் காற்று ஓட்டை. ஐடிலில் உள்ளே போகும் காற்றே நொடிக்குச் சில கிராம்தான், அதில் சின்ன ஓட்டையும் பெரிய பங்கு. மாறாக ஐடிலில் சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சதவீதம் கூடினால் அழுக்கான மீட்டரையோ பெட்ரோல் வரத்தையோ சந்தேகிக்கலாம். அழுக்கென்றால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவிக் காய வைத்துப் பார்த்த பிறகுதான் புதிது வாங்கும் பேச்சு. கம்பியைத் துணியால் துடைக்கக் கூடாது, அறுந்துவிடும்.

கணக்குப் புத்தகம் யாருக்கு?

எண்கள் வந்ததும் இன்னொரு சண்டையும் வந்தது. காரின் கணக்கைப் படிக்கும் உரிமை யாருக்கு? கம்பெனியின் சொந்த ஒர்க்ஷாப்புக்கு மட்டுமா? தெருமுனை மெக்கானிக்குக் கார்புரேட்டரைத் திறக்க யார் அனுமதியும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கத் தேவைப்பட்டது. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தம், புகை சம்பந்தப்பட்ட பழுதுத் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்றது. 2012ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கார் பழுதுபார்ப்பு உரிமைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2014ல் கார் உற்பத்தியாளர்கள் அதே ஏற்பாட்டை நாடு முழுவதும் பின்பற்ற ஒப்புக் கொண்டார்கள். புகையைக் குறைக்கப் பிறந்த விதிகள்தான், போகப் போகச் சிறு ஒர்க்ஷாப்புகளின் பிழைப்பையும் காப்பாற்றின.

பலன் கிடைத்ததா? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1970களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் முதல் நிலைப் புகைமூட்ட எச்சரிக்கை விடப்பட்ட ஆண்டுகள் உண்டு. 2000களில் அது ஏறத்தாழ இல்லாமலே போனது. இத்தனைக்கும் கார்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அங்கே இன்னும் காற்று முழுக்கச் சுத்தமாகிவிடவில்லை. ஆனால் 1943ல் விஷவாயு என்று பயந்தோடிய நகரத்துக்கு இது சின்ன மாற்றம் அல்ல. வினையூக்கி மாற்றியும் லாம்டா சென்சாரும் பெயர் வாங்கிக் கொண்டன. அவை வேலை செய்ய ஆதாரமான கணக்கை, நொடிக்கு இத்தனை கிராம் என்று, வாசலில் நின்று எழுதிக் கொடுத்தது இந்த மீட்டர்.

மின்சாரக் காருக்கு இது தேவையில்லை. எரிப்பதற்குக் காற்றே வாங்காத வண்டிக்கு வாசலில் ஆள் எதற்கு? ஆனால் சாலையில் இன்னும் கோடிக்கணக்கான பெட்ரோல் கார்கள் ஓடுகின்றன, அவற்றில் பழையவை நிறைய. அப்படி ஒரு கார் இருமும்போது, புது சென்சாருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், பானெட்டைத் திறந்து அந்த ரப்பர் குழாயை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது.